மூலையில் இரண்டு எழுத்து

சிங்கப்பூர்
4 ஜூலை 1937

அன்புத் தங்கை வடிவம்மாளுக்கு அண்ணன் தங்கராஜு எழுதுவது. நானும் உன் அண்ணி குணவதியும் பிள்ளைகள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளை முனுசாமியும் திடமாக இருக்கிறீர்கள் என்று அடுத்த தபாலில் ஒரு வரி வந்தால் மனம் நிம்மதிப்படும்.

எங்கள் விமானக் காரியாலயம் புதுக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. மின்சார விசிறி என் தலைக்கு நேர் மேலே சுற்றுகிறது. மலாயாவில் எந்த ஊர் மைதானத்தில் ஏரோப்ளேன் இறங்கினாலும் அந்தச் சங்கதி இங்கேதான் வந்து சேரும். தமிழில் வரும் காகிதம் எல்லாம் என் மேசைக்கு. இந்த ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இன்னொரு பெருமையும் உண்டு. டைப் அடிக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் அடியில், இடது மூலையில், அடித்தவனுடைய பெயரின் இங்கிலீஷ் எழுத்து இரண்டைப் போடுவது வழக்கம். என்னுடையது ஆர், டி. முதல் எழுத்து அப்பாவுக்கு, அடுத்தது எனக்கு. அவை எப்படி இருக்கும் என்று கீழே வரைந்திருக்கிறேன், பார். துரை கையெழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, ரங்கசாமியின் பெயரும் அந்தக் காகிதத்தோடு லண்டன் வரை போகிறது.

மாப்பிள்ளைக்குப் பாயான் லெப்பாஸ் ஏரோட்ரோமில் வேலை கொடுத்தது என் வார்த்தையை நம்பித்தான். சொன்னதைச் செய்து, சொல்லாததைச் செய்யாமல் இருக்கச் சொல்.

உன் நலத்தையே விரும்பும் அண்ணன்,
தங்கராஜு


பாயான் லெப்பாஸ், பினாங்கு
20 ஜூலை 1937

அண்ணனுக்கு வடிவு எழுதிக்கொள்வது. எங்கள் உடம்புக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அண்ணிக்கு இடுப்பு வலி தேவலையா, சின்னவன் பேச ஆரம்பித்துவிட்டானா?

மின்சார விசிறிக்குக் கீழே உட்காரும் அண்ணன் எனக்கு இருக்கிறார் என்று, என்னோடு மைதானத்தில் புல் வெட்டுகிற பத்துப் பெண்களிடமும் அளந்துவிட்டேன். நீங்கள் வரைந்த இரண்டு எழுத்தில் டி எனக்குப் பழக்கம்தான். மூன்று ஆள் நீளத்துக்கு வெள்ளைக் கித்தான் துணியில் தைத்து எங்கள் மைதானத்தில் விரித்துப் போட்டிருக்கிறார்களே, அதே டி. அதன் குறுக்குப் பட்டை எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் பார்த்துத்தான் ஏரோப்ளேன் இறங்க வேண்டும், ஏறவும் வேண்டும். காற்று திரும்பினால் கித்தானையும் திருப்ப வேண்டும். உங்கள் மாப்பிள்ளைக்கு அதுதானே உத்தியோகம்.

சனிக்கிழமை மத்தியானம் காற்று மலையை விட்டுக் கடல் பக்கமிருந்து அடித்தது. இவர் கித்தானைத் திருப்பப் போனார். "நான் சொல்லாமல் தொடாதே" என்று ஏரோட்ரோம் துரை மலாய் பாஷையில் விரட்டிவிட்டார். சனிக்கிழமை கிளப்புத் துரைமார் ஏரோப்ளேன் பழகுகிற நாள். கித்தான் திரும்பினால் அவர்கள் மைதானத்தின் மறுகோடிக்குப் போய்க் கிளம்ப வேண்டும். சிநேகிதர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாமாம்.

கித்தான் மலையைப் பார்த்தபடியே கிடந்தது. கிளப்பு ஏரோப்ளேன் அதை நம்பி மலைப் பக்கமாக ஓடிக் கிளம்பியது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஏரோப்ளேன் காற்றை நம்பி, மலைப் பக்கமிருந்து கடலைப் பார்த்து இறங்கியது. இரண்டும் நேருக்கு நேர்! வந்தது கடைசி நிமிஷத்தில் எழும்பிக்கொண்டது. நாங்கள் புல்லோடு புல்லாகக் குப்புறப் படுத்தோம். என்னோடு புல் வெட்டுகிற கமாரியாவின் முக்காடு பறந்துபோய் வேலியில் மாட்டிக்கொண்டது.

துரை ஒன்றும் நடக்காதது போல உள்ளே போய்விட்டார். இதை யாருக்கு எழுத வேண்டும் அண்ணே? விலாசம் அனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
வடிவு


சிங்கப்பூர்
26 ஜூலை 1937

தங்கைக்கு ஆசீர்வாதம். இங்கே யாவரும் சௌக்கியம். அண்ணிக்குத் தைலம் தேய்த்ததில் வலி குறைந்திருக்கிறது. சின்னவன் "டைப்" என்று ஒரே ஒரு வார்த்தை பேசுகிறான்.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. மோதினால்தான் விபத்து. மோதாமல் போனதை எழுத இங்கே அச்சடித்த பாரம் எதுவும் கிடையாது. பாயான் லெப்பாஸ் வாரக் காகிதமும் வந்துவிட்டது. "விசேஷம் ஒன்றும் இல்லை" என்று உங்கள் துரை கையெழுத்துப் போட்டிருக்கிறார். நானே அதை ஃபைலில் வைத்தேன்.

புல் வெட்டப் போகிறவள் புல்லைப் பார். வானத்தைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறே இருக்கிறார்கள்.

தங்கராஜு


பாயான் லெப்பாஸ்
20 செப்டம்பர் 1937

அண்ணனுக்கு நமஸ்காரம். உயிரோடு இருக்கிறோம். இந்தத் தடவை க்ஷேமம் என்று எழுதுவதற்கு இதைத் தவிர வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

முந்தாநாள் சனிக்கிழமை மறுபடியும் அதே கூத்து. வெட்டிய புல்லைக் கடைக்கோடியில் எரித்துக்கொண்டிருந்தோம். கடல் காற்றில் புகை மலைப் பக்கம் சாய்ந்து போயிற்று. இவர் துரையிடம் ஓடி, "காற்று மாறிவிட்டது, திருப்பட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டார். துரை கிளப்புக்காரர்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். போ என்று கையை மட்டும் அசைத்தார்.

இந்த முறை இரண்டு ஏரோப்ளேன்களின் இறக்கைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருந்திருக்காது. இரண்டு நிழலும் புல்லின் மேல் ஒன்றாகி, அப்புறம் பிரிந்ததை என் கண்ணால் பார்த்தேன். சிங்கப்பூர் ஏரோப்ளேன் அவ்வளவு தாழ்ந்து வந்தது. ஜன்னலில் ஒரு சீனப் பெண், மடியில் குழந்தை. குழந்தை எங்களைப் பார்த்துக் கையை ஆட்டியது. அதற்கு என்ன தெரியும்?

நீங்கள் புல்லைப் பார்க்கச் சொன்னீர்கள். புல்லைத்தான் பார்த்தேன். நிழல் அங்கேதான் விழுந்தது.

இதோடு இன்னொரு காகிதம் வைத்திருக்கிறேன். அது உங்களுக்கு அல்ல, உங்கள் பெரிய துரைக்கு. இரண்டு சனிக்கிழமையும் நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதியிருக்கிறேன். இங்கிலீஷில் மாற்றி அவர் மேசையில் வையுங்கள். "திருப்பட்டுமா என்று கேட்டது யார்?" என்று விசாரிப்பார்களே, அதற்காக உங்கள் மாப்பிள்ளை பெயரை எழுத வேண்டியதாயிற்று. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை. எழுதினேன். ஒன்றும் இடிந்து விழவில்லை.

வடிவு


பாயான் லெப்பாஸ்
14 அக்டோபர் 1937

அண்ணே, சுகமா? மூன்று வாரம் தாண்டிவிட்டது. தபால்காரர் என் தலையைப் பார்த்தாலே "இல்லை" என்று கையை விரிக்கிறார். காகிதம் வந்ததா? பெரிய துரை படித்தாரா? கோபம் என்றால் கோபம் என்றாவது எழுதுங்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

வடிவு


சிங்கப்பூர்
28 அக்டோபர் 1937

தங்கைக்கு. அனைவரும் நலம். தீபாவளிக்கு உனக்கு ஒரு பச்சைச் சேலையும் மாப்பிள்ளைக்கு வேட்டியும் பார்சலில் அனுப்பியிருக்கிறோம். நிறம் உன் அண்ணி பார்த்து எடுத்தது. இங்கே மழை அதிகம். வேலையும் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கராஜு


பாயான் லெப்பாஸ்
12 நவம்பர் 1937

அண்ணனுக்கு.

எல்லோரும் நலமா என்று கேட்க வேண்டியது என் கடமை, கேட்டுவிட்டேன். எங்கள் நலம் உங்களுக்குத் தெரியும். உங்கள் விரலுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை உங்கள் காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தது. இங்கே கிளார்க்காக இருக்கும் யூசுப் படித்துச் சொன்னார். "செப்டம்பர் பதினெட்டாம் தேதி கித்தானைத் திருப்பத் தவறிய கூலியாள் முனுசாமியை வேலையை விட்டு நீக்குவது." ஒரு வாரத்தில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டுமாம். இவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தடவை ஓடிப் போய்க் கேட்ட மனுஷன்.

நான் யூசுப் கையிலிருந்து காகிதத்தை வாங்கினேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. இரண்டு எழுத்து மட்டும் தெரியும். அடியில், இடது மூலையில், நீங்கள் வரைந்து காட்டியபடியே இருந்தன. ஒன்று அப்பாவுக்கு, ஒன்று உங்களுக்கு.

என் காகிதம் எங்கே போயிற்று அண்ணே? இவர் மேல் தப்பில்லை என்று தேதியோடு எழுதிய காகிதம் உங்களிடம் இருக்கும்போதே இதை அடித்தீர்களா? அடித்த கையாலேயே சேலையும் பார்சல் கட்டினீர்களா?

சேலையைப் பிரிக்கவில்லை. திருப்பி அனுப்பவும் மாட்டேன். அண்ணி எடுத்தது, அவள் என்ன செய்தாள்?

என்னை இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தினாலும் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். வானத்துக்கு வேலி போட உங்கள் ஆபீஸில் பாரம் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள்.

வடிவம்மாள்


சிங்கப்பூர்
29 நவம்பர் 1937

தங்கைக்கு. பிள்ளைகள் சுகம். அண்ணி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உன் கடிதத்தை அவள்தான் முதலில் பிரித்துப் படித்தாள்.

நடந்தது இதுதான். உன் காகிதம் செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி வந்தது. உங்கள் பெயர் வெளியே வந்தால் ஆபத்து என்று மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். உங்களுக்காக என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பாதி உங்களுக்காக. மீதி எனக்காக.

சிங்கப்பூர் ஏரோப்ளேனை ஓட்டியவரே புகார் கொடுத்துவிட்டார். உங்கள் துரையிடம் விளக்கம் கேட்டோம். கூலியாள் மறந்துவிட்டான் என்று ஒரே வரியில் பதில் வந்தது. எங்கள் பெரிய துரை சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முனுசாமி என்ற பெயர் வந்ததும் விரல் நின்றது. "எப்படி எழுதுவது என்று தெரியவில்லையா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லி அடித்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வருஷ உத்தியோகம், இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளைக்கு இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்துத் தருகிறேன். இத்தோடு விட்டுவிடு வடிவு. துரை சொல்லுக்கு எதிரே புல் வெட்டுகிற பெண்கள் சொல் எடுபடாது. அவர்கள் கேட்பது காகிதம். காகிதம் உன்னிடம் இல்லை.

தங்கராஜு


பாயான் லெப்பாஸ்
6 டிசம்பர் 1937

அண்ணனுக்கு. கமாரியா வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிறோம். இவர் சந்தையில் மூட்டை தூக்குகிறார். இருவருக்கும் பசி நன்றாக எடுக்கிறது, அதனால் ஆரோக்கியம் என்றே எழுதலாம். அண்ணியிடம் பேசுங்கள். அவள் பேசாவிட்டால் நீங்கள் பேசுங்கள்.

காகிதம் இல்லை என்றீர்களே, இருக்கிறது.

லைன் வீட்டைக் காலி செய்யும்போது என் வெற்றிலைப் பையை உதறினேன். ஒரு சீட்டு விழுந்தது. புல்லை நாங்கள் நினைத்த நேரத்தில் எரிக்க முடியாது. புகை மைதானத்தை மூடக்கூடாது என்று, காற்று மலைப் பக்கம் போகிற நேரம் பார்த்து ஏரோட்ரோம் துரை சீட்டு எழுதித் தர வேண்டும். சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பு, தமிழாவது படித்தவள் என்பதால். அப்படியே பையில் செருகி மறந்துவிட்டேன். யூசுப் படித்தார். கடைசி வார்த்தை வந்ததும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு இன்னொரு தடவை படித்தார். "காற்று கடலிலிருந்து மலைக்கு அடிக்கிறது. புல்லை எரிக்கலாம். 18 செப்டம்பர், மணி மூன்று." அடியில் துரை கையெழுத்து.

ஏரோப்ளேன்கள் எதிரெதிரே வந்தது மூன்றேகாலுக்கு. காற்று திரும்பியது துரைக்குத் தெரியும். புல்லுக்கு எழுதிக் கொடுத்தவர் மனுஷருக்குக் கித்தானைத் திருப்ப விடவில்லை.

நேற்று பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். சூலியா தெருவில் சீனி முகம்மது கடையில் நீளக் காகிதம் கேட்டேன். எதற்கு என்றார், சொன்னேன். "தொரை மேலயா மனு? வேணாம் தங்கச்சி, பொல்லாப்பு லா" என்று காகிதத்தைத் திரும்ப உள்ளே வைத்தார். நான் நகரவில்லை. பிறகு அவரே காகிதத்தோடு மை ஒற்றும் டப்பாவையும் எடுத்து நீட்டினார். "ரேகை வைக்கணும்ல, இதையும் கொண்டு போ. எங்க வாங்குனன்னு கேட்டா மட்டும் எங்க கடைய சொல்லாத."

பதினோரு பேரும் பெயர் போட்டோம். நான் கையெழுத்து, மற்ற பத்துப் பேரும் ரேகை. வேலை போய்விடும் என்று ஒருத்தி தயங்கினாள். கமாரியா அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, "தலைக்கு மேல ஏரோப்ளேனே போயிருச்சு லா, இந்தக் காகிதம் நம்மள என்னா செஞ்சிரும்?" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

மனுவைப் பீச் தெருப் பெரிய தபாலாபீஸில் ரிஜிஸ்தர் செய்துவிட்டேன். சீட்டின் நகல்தான் அதில் இருக்கிறது, அசல் என்னிடம். விசாரணைக்கு யார் நேரில் வருகிறார்களோ அவர்கள் கையில் கொடுப்பேன். உங்கள் தங்கை ஒரு தடவைதான் ஏமாறுவாள்.

மனு தமிழில் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் உங்கள் ஆபீஸில் ஒருவர்தான். அதனால் அது யார் மேசைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். டிராயரில் இன்னும் இடம் இருக்கிறதா அண்ணே?

வடிவம்மாள்


சிங்கப்பூர்
20 டிசம்பர் 1937

அன்பு வடிவுக்கு. இங்கே சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் கமாரியா குடும்பமும் சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

மனு வந்தது. இங்கிலீஷில் மாற்றினேன். தேநீர் குடித்தார் என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார் பெரிய கிளார்க். எடுக்கவில்லை. குழந்தை கை ஆட்டியதையும் எடுக்கவில்லை. டிராயரைத் திறந்து உன் பழைய காகிதத்தையும் மொழிபெயர்த்துச் சேர்த்தேன். அது செப்டம்பர் முதல் யாரிடம், எதனால் கிடந்தது என்று தனியாக ஒரு தாள் அடித்து வைத்தேன்.

மூலையில் எழுத்துப் போட வேண்டிய இடம் வந்தது. இரண்டு எழுத்துப் போதவில்லை. ரங்கசாமி மகன் தங்கராஜு என்று முழுசாக அடித்தேன். நானே கொண்டுபோய்ப் பெரிய துரை மேசையில் வைத்தேன்.

அண்ணி பேசுகிறாள். நேற்று தவணைக்கு ஒரு தையல் மெஷின் எடுத்திருக்கிறாள். வீடு மாறினாலும் மாறுவோம். இனி அண்ணி பெயருக்கு, அவள் தம்பி கடை விலாசத்துக்கு எழுது.

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லாதே. நேரில் கேட்க வேண்டும்.

அண்ணன்,
தங்கராஜு


பாயான் லெப்பாஸ்
30 ஜனவரி 1938

என் அண்ணனுக்கும் அண்ணிக்கும் வடிவு வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். நாங்கள் சுகம் அண்ணே, இந்தத் தடவை நிஜமாகவே சுகம்.

தைப்பூசம் கழிந்த வாரம் சிங்கப்பூரிலிருந்து இரண்டு துரைமார் வந்து மைதானத்தில் நின்றார்கள். பச்சைச் சேலையை அன்றுதான் பிரித்துக் கட்டினேன். அண்ணியிடம் சொல்லுங்கள், புல்லுக்கு நடுவே நல்ல எடுப்பு. அசல் சீட்டை நீட்டினேன். வந்தவர் படித்துவிட்டு நம் துரையைப் பார்த்து, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்றார். யூசுப் அதை எங்களுக்குத் தமிழில் சொல்லும் முன்பே துரையின் முகம் சொல்லிவிட்டது. பிறகு எங்களை ஒரு குப்பல் புல்லை எரிக்கச் சொன்னார்கள். புகை மலைக்குச் சாய்ந்தது. கித்தான் அன்றும் மலையைத்தான் பார்த்துக் கிடந்தது! கமாரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நேற்று உத்தரவு வந்தது. இவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. காற்று மாறினால் யார் சொல்லுக்கும் காத்திராமல் கித்தானைத் திருப்பலாம். துரைக்கு வேறு ஊருக்கு மாற்றல், அவ்வளவுதான் அவருக்கு. ஏரோப்ளேன்கள் மோதாமல் தப்பினாலும், பார்த்தவர் யாராக இருந்தாலும், எந்தப் பாஷையானாலும், அன்றே எழுதி வைக்க ஏரோப்ளேன் கொட்டகையில் ஒரு புத்தகம் தொங்கும்.

யூசுப் இதையெல்லாம் படிக்கப் படிக்கப் பெண்கள் கூச்சல் போட்டார்கள். எனக்குக் காது அதில் இல்லை. காகிதத்தை வாங்கி மூலையைப் பார்த்தேன். இரண்டு எழுத்து இருந்தது. அப்பாவுடையது இல்லை. உங்களுடையதும் இல்லை.

வேலை போய் எத்தனை நாளாயிற்று அண்ணே? தையல் மெஷின் என்று எழுதினீர்கள், வீடு மாறுகிறோம் என்று எழுதினீர்கள். இதை எழுதவில்லை. அன்று உங்களைத் திட்டி எழுதிய கையால் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் முழுப் பெயரையும் அடித்துத் துரை மேசையில் வைத்தது தப்பு என்று ஒருநாளும் சொல்லமாட்டேன்.

எல்லோரும் கிளம்பி வாருங்கள். அக்கரையில் பிறை ரயில் ஸ்டேஷனில் இவர் வந்து நிற்பார். அங்கேயே உங்கள் பாக்கி மன்னிப்பைக் கேட்டுவிடலாம், அவர் கேட்க விடமாட்டார். சீனி முகம்மது கடை வாசலில் உங்களுக்கு ஒரு மேசை போட இடம் பேசியிருக்கிறேன். மனு எழுதத் தெரிந்த ஆளைச் சூலியா தெருவில் பாதிப்பேர் தேடுகிறார்கள். "இந்தத் தடவை எங்க கடைப் பேரப் பெருசாவே போடச் சொல்லு" என்கிறார் அவர்.

கொட்டகைப் புத்தகத்தில் இன்று காலை முதல் பக்கம் நான் எழுதினேன். ஜூலை பதினேழும் செப்டம்பர் பதினெட்டும் இப்போது அதில் இருக்கின்றன. அடியில் கோடு போட்டு, எழுதியவர் யார் என்று கேட்டிருந்தது. அங்கே எப்படி எழுதினேனோ, அப்படியே இங்கேயும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ரங்கசாமி மகள் வடிவம்மாள்